பச்சையாகவே துவண்டு போகும் கத்தரி: மாடித் தோட்டம் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். நேற்று வரைக்கும் நன்றாக இருந்த தொட்டிச் செடி, இன்றைக்குத் தலை தொங்கிக் கிடக்கிறது. எல்லோரும் கேட்பது மருந்தின் பெயர். எந்த நோய் என்று தெரியாமல் மருந்து சொல்ல எனக்கு மனசு வராது. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வாடலுக்கு மட்டும் பக்கம் முழுவதும் எடுத்துக்கொள்கிறேன்.

வணக்கமுங்க அக்கா. மொட்டை மாடியில் ஆறு தொட்டியில் வரிக்கத்தரி வைத்திருக்கிறேன். இரண்டு தடவை காய் பறித்தாகிவிட்டது. போன வாரம் ஒரு செடி மத்தியானத்தில் நுனி தொங்கியது. தண்ணீர் பத்தவில்லை போல என்று அரைக்குடம் ஊற்றினேன். சாயங்காலம் பொழுதோட கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் மொத்தமாகத் துவண்டுவிட்டது. ஓர் இலைகூட மஞ்சளாகவில்லை. பஞ்சகவ்யமும் ஊற்றிப் பார்த்தேன். இப்போது பக்கத்துத் தொட்டியும் தலை சாய்க்கிறது. என்ன மருந்து அடிக்கட்டுமுங்க?
(வாசகி, பெருந்துறை)

அம்மணி, அந்த இரண்டாவது தொட்டிக்கு இப்போதைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

இலை தொங்கினால் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது அதில் தெரியாது. மண் காய்ந்தாலும் இலை தொங்கும். மண்ணில் தண்ணீர் தேங்கி, வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகினாலும் அதே மாதிரிதான் தொங்கும். மண்ணும் வேரும் நன்றாக இருந்து, தண்டுக்குள்ளே தண்ணீர் ஏறுகிற குழாய் அடைத்துக்கொண்டாலும் தொங்கும். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் முதலாவதற்கு மருந்து தண்ணீர். இரண்டாவதற்குத் தண்ணீர்தான் விஷம். மூன்றாவதற்குத் தண்ணீர் ஊற்றினாலும் ஒன்றுதான், ஊற்றாவிட்டாலும் ஒன்றுதான். வாடிய செடியைப் பார்த்த உடனே கை குடத்துக்குப் போகிறது பாருங்கள், அந்தப் பழக்கத்தால்தான் மாடித் தோட்டத்தில் பாதிச் செடி போகிறது.

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். அடியில் ஈரம் இருந்தால் தாகம் இல்லை. தொட்டியை ஒரு பக்கம் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. அடி ஓட்டையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், பல தொட்டிகளில் வேரும் சேறும் சேர்ந்து ஓட்டையை அடைத்திருக்கும். அப்புறம் முக்கியமான ஒன்று: காலை ஆறு மணிக்கு, வெயில் படுவதற்கு முன்னால் செடி எப்படி நிற்கிறது என்று பாருங்கள். மத்தியான வெயிலில் நல்ல செடிகூடக் கொஞ்சம் தொங்கும். காலையில் விறைப்பாக நின்றால் அவசரம் இல்லை. காலையிலேயே தொங்கினால் வேரிலோ தண்டிலோ கோளாறு இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் இருக்கிற அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கிறேன். இலை பச்சையாகவே துவண்டிருக்கிறது, மஞ்சள் இல்லை. முதல் நாள் பொழுதோட நிமிர்ந்தது, மூன்றாம் நாள் நிமிரவே இல்லை. காய்க்கிற வயசுச் செடி. பக்கத்துத் தொட்டிக்கும் பரவுகிறது. இந்த நாலும் சேர்ந்தால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் பாக்டீரியா வாடல்தான். சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். உறுதி செய்ய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, ஒரு கண்ணாடி டம்ளர் போதும்.

செத்துப்போன செடியில் வேண்டாம், இப்போது தலை சாய்க்கிற செடியில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். மொத்தச் செடியும் சாய்ந்துவிட்டது என்றால் மண்ணுக்கு ஒட்டி அடித்தண்டையே அறுத்துவிடலாம். சுத்தமான கத்தியால் இரண்டு மூன்று அங்குலத் துண்டாக நறுக்குங்கள். டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, துணி கிளிப்பில் துண்டைப் பிடித்து, வெட்டிய நுனி மட்டும் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரித் தொங்கவிடுங்கள். டம்ளரை ஆட்டாதீர்கள். பின்னால் ஒரு கருப்புத் துணியைப் பிடித்தால் நன்றாகத் தெரியும். பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிஷத்தில், வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி வெள்ளை இழை மெல்ல இறங்கும், ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்க்கிற மாதிரி. அந்த இழை முழுக்க பாக்டீரியாதான். தண்டின் குழாயை அடைத்துக்கொண்டிருந்ததும் அதுதான். தண்ணீர் லேசாகக் கலங்குவது மட்டும் கணக்கில்லை, இழையாக இறங்க வேண்டும்.

இந்த பாக்டீரியாவின் பெயர் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு மூன்றையும் இது கொல்வதை எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1896லேயே விவரித்து எழுதிவிட்டார். மிளகாயும் இஞ்சியும்கூட இதற்குத் தப்புவதில்லை. அத்தனை காலம் ஆகியும் நோய் வந்த செடியைக் குணப்படுத்துகிற மருந்து கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கடையில் கேட்டால் ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு கொடுப்பார்கள். லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து ஊற்றினால் சில பூஞ்சாண நோய்களுக்கு அது நல்ல மருந்து. தண்டுக்குள்ளே உட்கார்ந்துவிட்ட பாக்டீரியாவை அது தொடாது. ஆன்டிபயாட்டிக் பொடியைக் கலந்து ஊற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிற காய்க்கு அதை ஊற்றாதீர்கள், தயவுசெய்து.

செய்ய வேண்டியது, மிச்சமிருக்கிற தொட்டிகளைக் காப்பாற்றுவது. இந்த பாக்டீரியா மண்ணிலிருந்து வேர்க் காயம் வழியாக நுழைகிறது. களைக்கொத்தால் தொட்டியைக் கிண்டும்போது அறுபடுகிற வேர் போதும். அப்புறம் ஓடுகிற தண்ணீரில் பயணம் செய்யும். மாடியில் ஒரு தொட்டியிலிருந்து வடிகிற தண்ணீர் தரையோடு ஓடி அடுத்த தொட்டியின் அடியை நனைக்கிறதல்லவா, அதுதான் அதன் பாதை. சூடும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே இழை இறங்கியது என்றால் இரண்டு செடியையும் வேரோடு பிடுங்கி, காய்ந்ததும் எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். மண்ணைச் சாக்கில் கட்டித் தனியாக வையுங்கள். அந்த மண்ணைக் கீழே தோட்டத்தில் கொட்டினால் தோட்டத்துக்கும் நோயைக் கொடுத்ததாகிவிடும். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, வெயிலில் காயவிடுங்கள். கத்தி, களைக்கொத்து, உங்கள் கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிச்ச நாலு தொட்டிகளையும் செங்கல் மேல் ஏற்றி, ஒன்றின் தண்ணீர் இன்னொன்றுக்கு ஓடாத மாதிரித் தள்ளி வையுங்கள்.

மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். கத்தரி, தக்காளி, மிளகாய் வைக்கவே கூடாது. அந்த பாக்டீரியா வருஷக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஈரப்படுத்திய மண்ணைக் கண்ணாடி மாதிரி இருக்கிற பாலிதீன் தாளில் மூடி, சித்திரை வைகாசி வெயிலில் ஆறு வாரம் மாடியில் பரப்பி வைத்தால் நோய்க்கிருமி வெகுவாகக் குறையும். முழுதாகச் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். அப்புறமும் அதில் கீரை, வெங்காயம், மக்காச்சோளம் இப்படி ஏதாவது போடுங்கள்.

சரி, இழை இறங்கவில்லை என்றால்? தண்டின் கழுத்தைப் பாருங்கள், மண்ணைத் தொடுகிற இடத்தில். வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகு மாதிரிப் பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது ஸ்கிளிரோஷியம் பூஞ்சாணம். நிலக்கடலைக் காட்டில் செடி அழுகிச் சாவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடுகைத் தெரியும். மூடாக்காகப் போட்ட கடலைத் தோலையோ காய்ந்த இலையையோ கழுத்தில் ஒட்டும்படி குவித்தால் சீக்கிரம் வரும். தண்டில் ஓட்டையும் அதன் வாயில் மரத்தூள் மாதிரிப் புழு எச்சமும் இருந்தால் தண்டுத் துளைப்பான். செடி முழுவதும் நன்றாக இருந்து ஒரு கிளையின் நுனி மட்டும் தொங்கினால் குருத்துப் புழு. நுனியை ஒரு சாண் கீழே கிள்ளி, உள்ளே இருக்கிற புழுவோடு நசுக்கிப் போட்டால் அந்தக் கிளை மறுபடி துளிர்க்கும். இது ஒன்றும் இல்லாமல், செடியைப் பிடுங்கினால் வேர்த் தோல் உறைபோல வழன்று வந்து, உள்ளே நார் மட்டும் நின்றால், அது தண்ணீர் தேங்கிய வேர் அழுகல்.

பஞ்சகவ்யம் பற்றி ஒரு வார்த்தை. கொடுமுடி டாக்டர் நடராஜன் அதைப் பரவலாக்கிய பிறகு நம் பக்கத்துத் தோட்டங்களில் அது எவ்வளவு நன்மை செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் நர்சரியிலும் பத்து லிட்டருக்கு முந்நூறு மில்லி கலந்து தெளிக்கிறோம். ஆனால் அது நல்ல செடிக்குக் கொடுக்கிற ஊட்டம். வேர் செத்த செடி, குழாய் அடைத்த செடி எதையும் உறிஞ்சப் போவதில்லை. வாடிய செடிக்குப் பஞ்சகவ்யம், மீன் அமிலம், பிண்ணாக்குக் கரைசல், யூரியா, வேர் டானிக் எதுவுமே ஊற்ற வேண்டாம். காரணம் தெரிகிற வரைக்கும் உரமே கூடாது.

அக்கா, குரோ பேக்கில் மிளகாய். மண் கால் பங்கு, மிச்சம் கோகோபீட்டும் மண்புழு உரமும். தினமும் காலையும் மாலையும் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். இலை ஓரம் கருகி, மத்தியானம் ஆனால் துவண்டு போகிறது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சாணமா?
(வாசகர், திருப்பூர்)

பூஞ்சாணம் இல்லைங்க, உப்பு. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். பூஞ்சாணம் பஞ்சாக நசுங்கும், உப்பு நறநற என்று இருக்கும்.

உங்கள் ஊர்த் தண்ணீரின் நிலைமையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றோரத்துக் கிணற்றுத் தண்ணீரில் தென்னையே இளைத்துப் போனதைப் பார்த்தவர்கள் நீங்கள். காட்டில் மழை பெய்தால் உப்புக் கீழே இறங்கிப் போகும். தொட்டியில் அப்படிப் போக இடமில்லை. ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது, தினம் தினம் சேர்கிறது. மண்ணில் உப்பு ஏறினால் ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாது. அதனால்தான் நனைந்த மண்ணில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. மிளகாய் இதைத் தாங்குவதில் தக்காளியைவிட நோஞ்சான்.

கோகோபீட்டும் ஒரு காரணமாக இருக்கலாம். பொள்ளாச்சிப் பக்கத்து நார் மில்களிலிருந்து வருகிற தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் உண்டு. கழுவி விற்பதும் இருக்கிறது, கழுவாமல் கட்டியாக அழுத்தி விற்பதும் இருக்கிறது. விலை குறைவாகக் கிடைத்தால் கழுவாதது என்றே வைத்துக்கொண்டு, ஊறவைத்துப் பிழிந்து மூன்று நாலு தண்ணீர் மாற்றுங்கள்.

தண்ணீரின் உப்பைப் பார்க்கிற டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. மாடித் தோட்டக்காரர்கள் உரத்துக்குச் செலவழிக்கிற காசில் முதலில் இதை வாங்கலாம். 450க்குக் கீழே காட்டினால் எந்தச் செடிக்கும் கவலையில்லை. 2000ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் மிளகாய் வளர்ப்பது கஷ்டம். இடையில் இருந்தால் சமாளிக்கலாம்: ஊற்றும்போதெல்லாம் கொஞ்சமாக ஊற்றாமல், அடி ஓட்டையில் நன்றாக வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள். அப்போதுதான் உப்பு வெளியே போகும். அடித்தட்டில் வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாரம் ஒரு முறையாவது ஆற்றுக் குடிநீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ விட்டுத் தொட்டியை அலசுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர் ஓடி வடிய வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வீடுகளில் இந்தத் தொல்லை அனேகமாக வராது. ஆனால் அங்கேயும் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு விடுகிறார்கள். உள்ளே போன தண்ணீரின் உப்பில் பெரும்பகுதி அதில்தான் திரண்டு வருகிறது. வாசல் கழுவுங்கள், பாத்ரூம் கழுவுங்கள், மிளகாய்க்கு வேண்டாம்.

இன்னொன்று. கோகோபீட் கலவை ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கிப் பை ஓரத்தில் இடைவெளி விழும். மேலே ஊற்றினால் பை ஓரமாக இறங்கி அடியில் வடிந்துவிடும், நடு வேர் காய்ந்தே கிடக்கும். அப்படி நேர்ந்தால் பையை ஒரு பெரிய வட்டலில் தண்ணீர் நிரப்பி அதில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

தக்காளிச் செடியில் ஒரு பக்கத்துக் கிளைகள் மட்டும் மஞ்சளாகி வாடுகின்றன. மறுபக்கம் நன்றாக இருக்கிறது. அடி இலையிலிருந்து தொடங்கியது.
(வாசகி, கரூர்)

ஒரு பக்கம் மட்டும், அடியிலிருந்து மேலே, மஞ்சளாகி வாடுவது பியூசேரியம் என்ற பூஞ்சாணத்தின் வழி. பாக்டீரியா வாடல் மாதிரி மூன்று நாளில் முடிக்காது, வாரக்கணக்கில் இழுக்கும். அடித்தண்டை நீளவாக்கில் பிளந்தால் தோலுக்கு உள்ளே பழுப்புக் கோடு ஓடும். டம்ளர் சோதனையில் இழை இறங்காது. இதுவும் குணமாகாத நோய்தான். காய் ஓரளவு முற்றியிருந்தால் பறித்துக்கொண்டு செடியை எடுத்துவிடுங்கள். அடுத்த நடவுக்கு விதையிலேயே ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூஞ்சாணத்தை அடக்குகிற நல்ல பூஞ்சாணத்தைக் கலந்து விதையுங்கள், கிலோ விதைக்கு நாலு கிராம் என்பது கணக்கு. வீட்டு அளவுக்கு விதை மேல் ஒரு சிட்டிகை பூசினாலே போதும். தொட்டி மண்ணிலும் மக்கிய எருவில் கலந்து போடலாம். வருமுன் காப்பதற்குத்தான் அது.

விதை வாங்கும்போது ரகத்தைக் கேளுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த அர்கா ரக்ஷக் தக்காளி இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல் மூன்றையும் தாங்கக்கூடியது.

எங்கள் மாட்டுக் கட்டுத்தரை எருவைத்தான் தொட்டிக்குப் போட்டோம். நன்றாக இருந்த வெண்டைச் செடி திடீரென்று சாய்ந்தது. இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. மண்ணுக்குள் வெள்ளைப் புழு, விரல் தண்டி. எல்லாத் தொட்டியிலும் இருக்குமா?
(வாசகர், காங்கேயம்)

அதே எருவைப் போட்ட எல்லாத் தொட்டியிலும் இருக்க வாய்ப்பு உண்டுங்க. இன்றைக்கே கொட்டிப் பார்த்துவிடுங்கள். புழு கையில் கிடைத்துவிட்டால் வைத்தியம் சுலபம்.

ஆனால் எருவில் இருக்கிற வெள்ளைப் புழு எல்லாம் வேரைத் தின்பதில்லை, அதனால் கொல்வதற்கு முன் பாருங்கள். ஒரு புழுவைச் சிமெண்டுத் தரையில் விடுங்கள். முதுகைத் தரையில் வைத்து, கால் மேலே நிற்க, மல்லாந்து நகர்ந்து போனால் அது பெரும்பாலும் பூ வண்டின் புழு. மக்கியதை மட்டும் தின்று எருவாக்கிக் கொடுக்கும், எருக்குழியிலேயே விட்டுவிடலாம். அரைவட்டமாகச் சுருண்டு பக்கவாட்டில் கிடந்தால் அது வேரைக் கடிக்கிற வேர்ப்புழுவாகவோ, தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டின் புழுவாகவோ இருக்கும். கட்டை விரல் தண்டியில் கொழுத்திருந்தால் காண்டாமிருக வண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்புப் பக்கத்தில் எருக்குழி இருந்தால் அதில்தான் முட்டையிடும். இந்த இரண்டையும் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.

வேர்ப்புழுவின் தாய் வண்டு, கோடை மழை பெய்து மண் நனைந்ததும் பொழுதோட கிளம்பி வேப்பமரத்தில் மொய்க்கும். விளக்கு வெளிச்சத்துக்கும் வரும். அந்தச் சமயத்தில் திறந்து கிடக்கிற எருக்குவியலை மூடி வையுங்கள். அரைகுறையாக மக்கிய எருவைத் தொட்டிக்குப் போடாதீர்கள். சாணி வாசம் போய், கையில் எடுத்தால் சூடில்லாமல், காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தால் மக்கிவிட்டது. சல்லடையில் சலித்துப் போட்டால் புழுவும் மேலேயே நின்றுவிடும். மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தை எருவில் கலந்து வைப்பதும் நல்ல வழி. அது வண்டுப் புழுக்களுக்கு நோய் கொடுத்துக் கொல்லும், நமக்கும் மாட்டுக்கும் ஒன்றும் செய்யாது.

பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை எரு வாங்கிப் போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான், இன்னும் கண்டிப்பாக. பச்சைக் கோழி எருவைத் தொட்டிக்குப் போட்டால் புழுவே வேண்டாம். அதன் சூடும் அம்மோனியாவும் ஒரே ராத்திரியில் வேரைப் பொசுக்கிவிடும்.

ஆடி மாசம் ஆனால் எங்கள் மாடியில் எதுவுமே நிற்பதில்லை. மூன்று வேளை தண்ணீர் விட்டும் வாடுகிறது.
(வாசகி, உடுமலை)

உங்கள் ஊரைச் சுற்றி அத்தனை காற்றாலை ஏன் நிற்கிறது என்பதில்தான் உங்கள் செடிகளின் சங்கடமும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் காற்றாக நம்மிடம் வருகிறது. வேர் இழுப்பதைவிட வேகமாக இலை தண்ணீரை இழந்துவிடும். கூடவே செடி ஆடி ஆடி வேர் அறுபடும். நாலாவது வேளை தண்ணீர் விட்டால் வேர் அழுகல்தான் வரும். மேற்குப் பக்கம் நிழல்வலையைத் திரைபோலக் கட்டுங்கள். காற்றை முழுசாக அடைக்கிற தகரம், தார்ப்பாய் வேண்டாம், அதன் மேலேறிச் சுழன்று அடிக்கும். தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கூட்டமாக வையுங்கள். தண்டை இரண்டு இடத்தில் குச்சியோடு தளர்வாகக் கட்டுங்கள். கருப்புத் தொட்டி என்றால் மேற்கு முகத்தில் சாக்குச் சுற்றி வையுங்கள். அப்புறம், மத்தியானம் குழாயில் முதலில் வருகிற தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? வெயிலில் கிடந்த குழாய்த் தண்ணீர் கை பொறுக்காத சூடு. அதை அப்படியே வேரில் விடாதீர்கள், சூடு போகும் வரை வாளியில் பிடித்து வையுங்கள்.

பாகல் கொடி காலையில் நன்றாக இருக்கிறது, பதினோரு மணிக்கு வாடுகிறது, பொழுதோட நிமிர்கிறது. ஒரு மாசமாக இதே கதை. வளர்ச்சியும் இல்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருக்கிறது.
(வாசகர், அந்தியூர்)

பிடுங்கிப் பார்த்தீர்களே, அதற்காகவே உங்களுக்குப் பெரிய நன்றி. வேர்முடிச்சு நூற்புழு அது, வேருக்குள் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத சிறு புழு. அவரை, தட்டைப்பயறு வேரில் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிற நல்ல முடிச்சு நகத்தால் சுரண்டினால் தனியாக உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும். பாகலில் நல்ல முடிச்சுக்கு வேலையே இல்லை. இந்தத் தொட்டியை இனிச் செண்டுமல்லிக்குக் கொடுங்கள். அதன் வேரிலிருந்து வருகிற பொருள் நூற்புழுவை அடக்கும். பூவும் கிடைக்கும். பூத்து முடிந்த செடியை அதே மண்ணில் நறுக்கிப் போட்டு, வேப்பம் பிண்ணாக்கும் ஒரு கை கலந்து ஆறவிட்ட பிறகு காய்கறி வையுங்கள். வெண்டையும் தக்காளியும் இதற்கு எளிதில் மாட்டும், உடனே வேண்டாம். நூற்புழு போட்ட ஓட்டை வழியாகத்தான் முதல் கடிதத்தில் சொன்ன பாக்டீரியாவும் நுழைகிறது. சந்தேகம் இருந்தால் வேரோடும் ஒரு கிலோ மண்ணோடும் கோபி மைராடா வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, கோவை வேளாண் பல்கலையின் நூற்புழுவியல் துறைக்கோ கொண்டு போங்கள். மண் காயாமல் பாலிதீன் பையில் கட்டிக் கொண்டு போக வேண்டும்.

சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி வாடாது என்கிறார்கள். உண்மையா? நாங்களே கட்டலாமா?
(வாசகி, சத்தியமங்கலம்)

உண்மைதானுங்க. சுண்டையின் வேர் பாக்டீரியா வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும். மேலே நமக்குப் பிடித்த கத்தரி, கீழே சுண்டை வேர். வாடல் வந்து நொந்து போன வீடுகளுக்கு நான் மனசாரச் சொல்வது இதைத்தான். பெருந்துறை வாசகியும் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

நீங்களே கட்டலாம். சுண்டை விதை முளைக்கவும் வளரவும் மெதுவானது, அதனால் கத்தரிக்கு மூன்று நாலு வாரம் முன்பே விதைக்க வேண்டும். இரண்டு நாற்றுத் தண்டும் ஒரே பருமனுக்கு வந்ததும், சுண்டையை விதையிலைக்கு மேலே வெட்டி, தண்டின் நடுவில் ஒரு பிளவு போடுங்கள். கத்தரி நுனியை ஆப்பு மாதிரிச் சீவி அதில் செருகி, சிலிக்கான் கிளிப்பில் பிடியுங்கள். புது பிளேடாக இருக்க வேண்டும், சீவிய இடத்தில் விரல் படக் கூடாது. ஒரு வாரம் நிழலில், தெளிவான டப்பாவைக் கவிழ்த்து, ஈரப்பதம் குறையாமல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக டப்பாவைத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்.

நடும்போது ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நிற்கட்டும். மண்ணுக்குள் புதைந்தால் கத்தரித் தண்டு அங்கே சொந்த வேர் விட்டுவிடும், அந்த வேர் வழியாக நோய் ஏறிவிடும், கட்டிய ஒட்டுக்குப் பலனில்லை. ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் அது சுண்டைத் துளிர். வாரம் ஒரு தடவை பார்த்துக் கிள்ளிவிடுங்கள். விட்டுவிட்டால் சுண்டை மேலேறிக் கத்தரியை அமுக்கிவிடும்.